20 கிலோ தாங்கும் மவுண்டில் எவ்வளவு ஏற்றலாம்?

தொலைநோக்கியைத் தாங்கிச் சுழற்றும் மவுண்ட் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது ஒரே ஒரு எண்ணைத்தான். சுமைத்திறன் 13 கிலோ, சுமைத்திறன் 20 கிலோ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். நம்ம தொலைநோக்கிக் குழாய் 11 கிலோ, அப்போ 13 கிலோ மவுண்ட் போதும் என்று கணக்குப் போட்டு வாங்கிவிடுவார்கள். அப்புறம் வியாழனைப் பார்க்கும்போது ஃபோகஸ் குமிழைத் தொட்டாலே கோள் துள்ளிக் குதிக்கும், கேமரா மாட்டினால் நட்சத்திரம் எல்லாம் அரிசி மாதிரி நீண்டிருக்கும். குழாயைக் குறை சொல்வார்கள், கேமராவைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் பிரச்சினை அந்த எண்ணைப் படித்த விதத்தில்தான் இருக்கும்.

அந்த எண் எப்படி அளக்கப்படுகிறது என்பதற்கு எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான விதி கிடையாது. ஒருவர் மோட்டார் திணறாமல் சுழற்றும் எடையைச் சொல்வார், இன்னொருவர் கண்ணால் பார்ப்பதற்கு ஓரளவு சரியாக இருக்கும் எடையைச் சொல்வார். ஒரே எச்ஈக்யூ5 மவுண்டுக்கு ஓரிடத்தில் 11 கிலோவும் இன்னோரிடத்தில் 13 கிலோவுக்கு மேலும் போட்டிருப்பதைப் பார்க்கலாம். ஐஆப்ட்ரான் கம்பெனி மாடல் பெயரிலேயே எண்ணை வைத்திருக்கிறது, சிஇஎம்26 என்றால் 26 பவுண்டு. அது கிலோ இல்லை, பவுண்டு, அதாவது ஏறக்குறைய 12 கிலோ. இந்த எண்களில் வழக்கமாகக் கவுண்டர்வெயிட், அதாவது குழாய்க்கு எதிர்ப்பக்கம் மாட்டும் சமன் எடை, சேராது, அது நமக்குச் சாதகம்.

என் கணக்கு இதுதான். கண்ணால் மட்டும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் சொன்ன எண்ணில் முக்கால் பங்கு வரை ஏற்றலாம். நீண்ட எக்ஸ்போஷரில் படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் பாதியில் நிறுத்திக்கொள்ளுங்கள், மிஞ்சிப் போனால் 60 சதவீதம். ஈக்யூ6-ஆர் ப்ரோவின் சுமைத்திறன் 20 கிலோ. படம் எடுக்க அதில் 10 முதல் 12 கிலோ வைத்தால் அந்த மவுண்ட் நிம்மதியாக வேலை செய்யும். 18 கிலோ வைத்தும் நல்ல படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காற்றே இல்லாத இரவு, கச்சிதமான பேலன்ஸ், நன்றாக ட்யூன் செய்த கியர் எல்லாம் ஒன்றுசேர்ந்தால்தான் அது நடக்கும்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். குழியாடி வைத்த 8 அங்குல நியூட்டோனியன், கண்ணால் பார்ப்பது மட்டும்தான் ஆசை என்றால் வானம் சுழலும் அச்சுக்கு இணையாக ஒரு அச்சை வைத்துச் சுழலும் ஈக்வடோரியல் மவுண்ட் பக்கமே போகாதீர்கள், டாப்சோனியன் வாங்குங்கள். ஜான் டாப்சன் பரப்பிய அந்த மரப்பெட்டி ஏற்பாடு எளிமையானது, உறுதியானது, அதே குழாயை ஒல்லியான ஈக்யூ மவுண்டில் வைப்பதைவிடப் பல மடங்கு ஆடாமல் நிற்கும். கீழே எழுதுவது ஈக்வடோரியல் மவுண்ட் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு.

முதலில் எடை போடுங்கள்

கடைக்காரர் போட்டிருக்கும் எடை வெறும் குழாயின் எடையாக இருக்கும். மவுண்டின் மேல் போய் உட்காருவதோ குழாய், ரிங், மவுண்டில் பொருத்தும் டவ்டெயில் பட்டை, குறிபார்க்கும் ஃபைண்டர், நட்சத்திரத்தைப் பின்தொடர உதவும் கைடு ஸ்கோப், கைடு கேமரா, மெயின் கேமரா, ஃபில்டர் வீல், ஃபோகஸ் மோட்டார், பனி படியாமல் காக்கும் ட்யூ ஹீட்டர், சிலர் மாட்டும் சின்ன கம்ப்யூட்டர், அத்தனைக்குமான கேபிள். 3 கிலோ என்று வாங்கிய 80 மி.மீ. லென்ஸ் வகை ரிஃப்ராக்டர் இதெல்லாம் சேர்ந்தால் 6 கிலோவைத் தாண்டுவது சர்வ சாதாரணம். பயணப் பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் மாட்டி ஒரு துணிப்பட்டையில் தொங்கவிட்டுப் பாருங்கள். பெரிய குழாய் என்றால் வீட்டில் உள்ள எடை மெஷினில் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏறி, அப்புறம் உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளலாம்.

எடையைவிட நீளம் முக்கியம்

8 கிலோவில் இரண்டு குழாய்கள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒன்று ஆடிகளால் ஒளியை மடக்கும் 40 செ.மீ. நீளமுள்ள கேசக்ரெய்ன், மற்றொன்று 120 செ.மீ. நீளமுள்ள ரிஃப்ராக்டர். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான், மவுண்டுக்கு ஒன்றில்லை. ஒரு பொருளைச் சுழற்றவும் சுழன்றதை நிறுத்தவும் எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது எடையோடு சேர்ந்து, அச்சிலிருந்து அந்த எடை இருக்கும் தூரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. மூன்று மடங்கு நீளம் என்றால் தோராயமாக ஒன்பது மடங்கு. நீளக் குழாயின் நுனியில் லேசாகக் காற்று பட்டால்கூட அது ஒரு நெம்புகோலைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம், பனிக்கவசத்தையும் இழுத்துவிட்டிருந்தால் இன்னும் மோசம். ஆகவே நீளமான நியூட்டோனியனோ ரிஃப்ராக்டரோ வைத்திருப்பவர்கள் என் பாதிக் கணக்கிலிருந்தும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். குட்டையான கேசக்ரெய்ன்காரர்கள் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்.

ஆனால் கேசக்ரெய்னுக்கு வேறொரு சோதனை உண்டு, அதன் குவியத் தூரம். கேமராவின் பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206-ஆல் பெருக்கி, குவியத் தூரத்தால் மில்லிமீட்டரில் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எத்தனை ஆர்க்செகண்ட், அதாவது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு, என்று வரும். 3.76 மைக்ரான் பிக்சல், 400 மி.மீ. குழாய் என்றால் ஏறக்குறைய 1.9 ஆர்க்செகண்ட். அதே கேமராவை 1000 மி.மீ. குழாயில் வைத்தால் 0.8-க்கும் கீழே. முதல் அமைப்பில் மவுண்ட் ஒரு ஆர்க்செகண்ட் தடுமாறினால் படத்தில் தெரியவே தெரியாது, இரண்டாவதில் நட்சத்திரம் வீங்கிவிடும். ஒரே மவுண்ட், ஒரே எடை, ஆனால் கேட்கும் துல்லியம் இரண்டரை மடங்கு. குவியத் தூரம் கூடக் கூட, காலியாக விட்டுவைக்கும் சுமைத்திறனும் கூட வேண்டும்.

நம் அட்சரேகையில் வரும் சிக்கல்

ஈக்வடோரியல் மவுண்ட் பற்றி எழுதப்பட்டிருக்கும் குறிப்புகளில் பெரும்பகுதி 40, 50 டிகிரி வடக்கில் இருப்பவர்கள் எழுதியது. துருவ நட்சத்திரப் பக்கம் நோக்கி வைக்கும் துருவ அச்சு ஊரின் அட்சரேகை அளவுக்கே நிமிரும், அவர்களுடையது வானத்தை நோக்கி நன்றாக நிமிர்ந்து நிற்கும், மேலே இருக்கும் எடை டிரைபாடின் நடுவில் இறங்கும். சென்னை 13 டிகிரி, கோவை 11, மதுரை 10-க்குச் சற்றுக் கீழே, கன்னியாகுமரி 8, யாழ்ப்பாணம் 10-ஐ ஒட்டி, கொழும்பு 7, கோலாலம்பூர் 3, சிங்கப்பூர் ஒன்றேகால். இங்கெல்லாம் துருவ அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடுகிறது. தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகத்தில் 12.5 டிகிரியில் இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்குக் குதிரை லாட வடிவ மவுண்ட் அமைத்ததற்குக் காரணமே இதுதான், தாழ்ந்த அட்சரேகைக்கு அது பொருத்தம், துருவப் பக்கம் பார்க்கவும் தடையில்லை. நமக்கு அந்த வசதி இல்லை, ஒரு பக்கம் குழாயும் மறுபக்கம் கவுண்டர்வெயிட்டும் இருக்கும் ஜெர்மன் வகை மவுண்டை வைத்தே சமாளிக்க வேண்டும்.

அச்சு படுக்கும்போது மூன்று காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, குழாயும் கவுண்டர்வெயிட்டும் டிரைபாடின் நடுவை விட்டு வடக்கே தள்ளி நிற்கும். அதனால் ஒரு கால் கண்டிப்பாக வடக்கே இருக்கட்டும், அந்தக் கால்தான் சுமையை ஏந்தும். இரண்டாவது, அதே வடக்குக் காலில்தான் கவுண்டர்வெயிட் கம்பியோ எடையோ போய் இடிக்கும். இதற்காகக் காலைத் திருப்பி வைக்கிறார்கள், எடை குறைவு என்றால் பரவாயில்லை, 10 கிலோவுக்கு மேல் என்றால் கவிழும் ஆபத்து உண்டு. டிரைபாடுக்கும் மவுண்டுக்கும் நடுவில் போடும் குட்டைத் தூண் ஒன்று வாங்குவது நல்லது. உயரம் கூடுவதால் உறுதி கொஞ்சம் குறையும், ஆனால் நடுராத்திரியில் தானாகச் சுழன்றுபோய் இடித்து மோட்டார் திணறுவதைவிட அது எவ்வளவோ மேல். மூன்றாவது, அட்சரேகையைச் சரிசெய்யும் போல்ட்டில் விழும் அழுத்தம். குழாய், எடை எல்லாம் மாட்டிய பிறகு அந்த போல்ட்டை மட்டும் பலமாகத் திருகினால் போல்ட் வளையும், மரை கெட்டுப்போகும். எதிர்ப்பக்க போல்ட்டை முதலில் தளர்த்துங்கள், ஒரு கையால் மவுண்ட் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு திருகுங்கள், பெரிய மாற்றம் என்றால் குழாயை இறக்கிவிட்டே செய்யுங்கள்.

வாங்கும் முன் அட்சரேகை எல்லை என்ன என்று அவசியம் பாருங்கள். சில மவுண்ட்கள் 10 டிகிரிக்குக் கீழே இறங்காது, சில 15-இலேயே நின்றுவிடும். ஈக்யூ6-ஆர் 5 டிகிரி வரை இறங்கும், அது தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் போதும், சிங்கப்பூருக்குப் போதாது. வடக்குக் காலைக் குட்டையாக்கி டிரைபாடையே சாய்த்து ஓரிரு டிகிரி மிச்சம் பிடிக்கலாம், கணக்குப்படி தப்பில்லை. ஆனால் ஏற்கெனவே வடக்கே சாய்ந்திருக்கும் சுமையை இன்னும் வடக்கே தள்ளுகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள்.

வளையும் பல்வளையக் கியர் வைத்த, எடை குறைந்த ஹார்மோனிக் மவுண்ட் வாங்கலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். இசட்டபிள்யூஓ கம்பெனியின் ஏஎம்5 வெறும் 5 கிலோ, கவுண்டர்வெயிட் இல்லாமலே 13 கிலோ, வைத்தால் 20 கிலோ என்று சொல்கிறார்கள், 0 டிகிரி அட்சரேகைக்கும் அமையும். ஈக்யூ6-ஆரின் தலை மட்டுமே 17 கிலோவைத் தாண்டும், அதை மூன்றாவது மாடிக்குத் தூக்கியவருக்கு வித்தியாசம் புரியும். காரில் எடுத்துப்போய் இருட்டான இடத்தில் படம் எடுப்பவர்களுக்கும் முதுகு வலி உள்ளவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் கைடிங், அதாவது கைடு கேமரா ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்டைத் திருத்திக்கொண்டே இருப்பது, இல்லாமல் அதை நீண்ட எக்ஸ்போஷருக்குப் பயன்படுத்த முடியாது, கியரின் ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்ப வரும் பிழையான பீரியாடிக் எர்ரர் அவ்வளவு அதிகம். இன்னொன்று, மவுண்ட் 13 கிலோவைத் தாங்கும், அதன் அடியில் இருக்கும் இலேசான டிரைபாட் தாங்குமா? கவுண்டர்வெயிட் இல்லாதபோது முழு எடையும் ஒரே பக்கம் தொங்குகிறது. வடக்குக் காலில் மணல் மூட்டை கட்டுவதால் பயன் குறைவு, சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் காலில் கட்டுங்கள், அல்லது 8 கிலோவைத் தாண்டினால் பேசாமல் கவுண்டர்வெயிட் போட்டுவிடுங்கள்.

டிரைபாடும் மொட்டை மாடியும்

டிரைபாட் காலை முழுக்க இழுத்துவிடாதீர்கள். எவ்வளவு குட்டையோ அவ்வளவு உறுதி. நடுவில் இருக்கும் ஸ்ப்ரெடர் தட்டை இறுக்கினால்தான் மூன்று காலும் ஒன்றாக வேலை செய்யும், ஐபீஸ் வைக்கும் தட்டு என்று நினைத்துக் கழற்றி வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மாடியில் வைப்பவர்கள் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனமாக இருங்கள். தளத்தின் நடுப்பகுதி, யாராவது நடந்தாலே அதிரும். கீழே தூணோ பீமோ போகும் இடத்துக்கு மேலே, பெரும்பாலும் மூலைப் பக்கம், டிரைபாடை வைத்தால் அதிர்வு கண்ணுக்குத் தெரியும் அளவு குறையும். ஏசியின் வெளி யூனிட், தண்ணீர் மோட்டார் குழாய் பதித்த சுவர் இவற்றை விட்டுத் தள்ளி இருங்கள். கைப்பிடிச் சுவர் காற்றைத் தடுக்கும்தான், ஆனால் 10 டிகிரி உயரத்தில் இருக்கும் துருவ நட்சத்திரத்தையும் சேர்த்து மறைக்கும். அப்படியானால் நட்சத்திரம் நகர்ந்துபோவதைப் பார்த்துத் திருத்தும் டிரிஃப்ட் முறையிலோ கேமரா, மென்பொருள் வைத்தோ துருவ அச்சை அமைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரியா என்று பார்க்க ஒரு எளிய சோதனை. பளிச்சென்ற ஒரு நட்சத்திரத்தை 150 மடங்கு உருப்பெருக்கத்தில் வைத்து, குழாயை விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். ஒரு நொடியில் அடங்கினால் பிரமாதம், மூன்று நொடிக்குள் என்றால் கண்ணால் பார்ப்பதற்குப் போதும். ஐந்து நொடிக்கு மேல் ஆடினால் சுமை அதிகம் அல்லது எங்கோ ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது. இறுக்கிவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள்.

பேலன்ஸ்

மாட்டும்போது முதலில் கவுண்டர்வெயிட், பிறகு குழாய். கழற்றும்போது முதலில் குழாய், பிறகு கவுண்டர்வெயிட். கம்பி நுனியில் உள்ள தடுப்புத் திருகைப் போடாமல் எடையை ஏற்றாதீர்கள், 5 கிலோ இரும்பு காலில் விழுந்தால் விளையாட்டில்லை.

படம் எடுக்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே எல்லாவற்றையும் மாட்டி, மூடியைக் கழற்றி, ஃபோகஸரைச் சரியான இடத்தில் வைத்துவிட்டுத்தான் பேலன்ஸ் பார்க்க வேண்டும். கவுண்டர்வெயிட் கம்பியைத் தரைக்கு இணையாகப் பிடித்துக்கொண்டு ஆர்ஏ, அதாவது துருவ அச்சின் கிளட்சைத் தளர்த்துங்கள், எடையை நகர்த்திச் சமன் செய்யுங்கள். பிறகு கம்பி அதே நிலையில் இருக்க ஆர்ஏவைப் பூட்டிவிட்டு டெக், அதாவது அதற்குக் குறுக்கான அச்சின் கிளட்சைத் தளர்த்திக் குழாயை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். திருகு போன்ற தண்டு ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றும் வார்ம் கியர் மவுண்டில் ஆர்ஏவைச் சரிசமமாக விடாமல் கிழக்குப் பக்கம் துளி எடை கூடுதலாக விடுவது நல்லது, கியர் பல் எப்போதும் ஒரே பக்கம் அழுந்தி நிற்கும். மெரிடியன், அதாவது உச்சி வழியாகப் போகும் வடக்கு தெற்குக் கோடு, தாண்டிக் குழாய் மறுபக்கம் போனதும் கிழக்கில் இருக்கும் பக்கமும் மாறிவிடும், எடையைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கும்.

கவுண்டர்வெயிட்டைக் கம்பியின் நுனியில் வைக்காதீர்கள். 5 கிலோவை 40 செ.மீ.யில் வைத்தாலும் 10 கிலோவை 20 செ.மீ.யில் வைத்தாலும் பேலன்ஸ் ஒன்றுதான், ஆனால் இரண்டாவதில் சுழற்சித் தயக்கம் பாதி. கூடுதலாக ஒரு எடை வாங்கி மேலே ஏற்றி வைப்பது செலவுக்கு ஏற்ற பலன் தரும்.

பராமரிப்பு

சுமைத்திறன் என்பது புதிதாக, சரியாக இறுக்கப்பட்ட மவுண்டுக்குச் சொன்னது. ஒரு வருடம் காரில் குலுங்கிய பிறகு அதே எண்ணை எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஆலன் கீயோடு ஒரு சுற்று வாருங்கள். குழாயைப் பிடிக்கும் சேடில், அதன் கீழ் உள்ள போல்ட், டிரைபாடின் நடு போல்ட், கால் மூட்டு, ரிங் எல்லாவற்றையும் பாருங்கள். ஏதாவது சுழல்கிறதா என்பது மட்டும் போதாது, குழாயின் நுனியைப் பிடித்து மெல்ல அசைத்து எந்த மூட்டில் அசைவு தெரிகிறது என்று இன்னொரு கையால் தொட்டுப் பாருங்கள்.

அடுத்தது பேக்லாஷ், அதாவது கியர் பற்களுக்கு இடையே உள்ள தளர்வு. இரண்டு கிளட்சையும் பூட்டி, கவுண்டர்வெயிட் கம்பியை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டினால் ‘டக் டக்’ என்று ஒரு தளர்வு கைக்குத் தெரியும். ஆர்ஏவில் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, அது ஒரே திசையில் ஓடுவது. டெக் திசை மாறி மாறி ஓடும், அங்கே தளர்வு இருந்தால் கைடிங் கிராஃபில் கோடு ஒரு பக்கமே நின்றுவிட்டுத் திடீரென்று மறுபக்கம் தாவும். பெரும்பாலான வார்ம் மவுண்ட்களில் வார்ம் உறையைப் பிடித்திருக்கும் போல்ட்களும் எதிரெதிரே தள்ளும் சின்ன கிரப் ஸ்க்ரூக்களும் இருக்கும். போல்ட்களை அரைகுறையாகத் தளர்த்தி, ஒரு கிரப் ஸ்க்ரூவைத் தளர்த்தி எதிரில் உள்ளதைத் துளி மட்டும் திருகுங்கள். போல்ட்களை இறுக்கிவிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள். தளர்வு குறைந்ததும் நிறுத்திவிடாமல், குழாயை இறக்கிவிட்டு மோட்டாரால் அச்சை ஒரு முழுச் சுற்று ஓட்டி காது கொடுத்துக் கேளுங்கள். வார்ம் வீல் முழு வட்டமாக இருக்காது, ஓரிடத்தில் சரியாக இருப்பது இன்னோரிடத்தில் இறுகும். மோட்டார் சத்தம் ஒரு கட்டத்தில் கனத்துக் கேட்டால் அந்த இடத்தில் இறுக்கம் கூடிவிட்டது, துளி தளர்த்துங்கள். கொஞ்சம் தளர்வு மிச்சம் இருக்கட்டும், முழுக்க இறுக்கினால் கியர் தேயும். ஸ்பிரிங் வைத்து வார்மை அழுத்தும் மவுண்ட்களில் இந்த வேலை பெரும்பாலும் வராது. ஹார்மோனிக் கியரை வீட்டில் பிரிக்கவே பிரிக்காதீர்கள்.

கைடிங் கிராஃப் ஆர்ஏவில் அலை அலையாக ஏறி இறங்கினால் உடனே சுமையைக் குறைக்க ஓட வேண்டாம். வார்ம் வீலுக்கு எத்தனை பல் என்று பாருங்கள். ஒரு நட்சத்திர நாள் 1436 நிமிடம், அதைப் பற்களால் வகுத்தால் வார்மின் சுற்று நேரம். ஈக்யூ6-ஆருக்கு 180 பல், ஆகவே 8 நிமிடம். அலை 8 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி வந்தால் அது வார்மின் பீரியாடிக் எர்ரர், எடையைக் குறைத்தாலும் போகாது. ஒழுங்கே இல்லாமல் கூராகத் துள்ளினால் காற்று, இழுபடும் கேபிள், அதிகச் சுமை இவற்றில் ஒன்று. கேபிளை முதலில் பாருங்கள், அதற்குக் காசு செலவில்லை.

கிரீஸ் விஷயத்தில் குறைவாகப் பூசுவதே நல்லது. பழைய கிரீஸ் கறுத்து, தூசி சேர்ந்து, தொட்டால் பிசினாக ஒட்டினால் மாற்றும் நேரம். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, செயற்கை எண்ணெயில் டெஃப்லான் கலந்த கிரீஸை மெல்லிசாகப் பூசுங்கள். வண்டிக்குப் போடும் கெட்டி கிரீஸ் வேண்டாம், டபிள்யூடி-40 அடிக்கவே அடிக்காதீர்கள், அது இருக்கும் கிரீஸைக் கரைத்துவிட்டுக் கொஞ்ச நாளில் காய்ந்துபோகும். கிளட்ச் தட்டில் கிரீஸ் பட்டால் குழாய் வழுக்கும், பார்க்கிறவர்கள் சுமை தாங்கவில்லை என்று நினைப்பார்கள்.

மின்சாரமும் இதே மாதிரி ஏமாற்றும். ஸ்லூ செய்யும்போது, அதாவது வேகமாக வேறொரு இலக்குக்குத் திருப்பும்போது, மோட்டார் கீச்சிட்டு நின்றால் எடையைச் சந்தேகிக்கும் முன் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். இறங்கிப்போன பேட்டரி, ஒல்லியான நீள வயர், 1 ஆம்பியர் அடாப்டர் எல்லாம் இதே அறிகுறியைக் காட்டும். 12 வோல்ட்டில் 4 அல்லது 5 ஆம்பியர் தாராளமாகத் தரக்கூடிய சப்ளை வேண்டும், மோட்டார் வேகமாக ஓடும்போதும் 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று பெரிய எதிரி. பனியில் நனைந்த மவுண்டை விடியற்காலையில் அப்படியே பெட்டிக்குள் பூட்டாதீர்கள். துடைத்து, மின்விசிறியின் கீழே சில மணி நேரம் உலரவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். அட்சரேகை போல்ட், டிரைபாட் போல்ட், கவுண்டர்வெயிட் கம்பி மூன்றிலும் மாதம் ஒருமுறை மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்தால் துரு பிடிக்காது. மழைக்காலத்தில் இரண்டு மூன்று மாதம் வானமே தெரியாது, அப்போதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மவுண்டை எடுத்துப் பத்து நிமிடம் சுமையில்லாமல் ஓட்டி வையுங்கள், கிரீஸ் ஒரே இடத்தில் உறையாமல் இருக்கும்.